நீட் முடிந்த கையோடு போட வேண்டிய ஊசிகள்

நீட் எழுதிவிட்டு கட்-ஆஃப் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் தடுப்பூசி யாருக்கும் ஞாபகத்துக்கு வராது. சீட் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறோம், அப்புறம் அலாட்மென்ட் வந்து சில நாட்களுக்குள் சேர வேண்டும் என்றதும் தெரிந்த டாக்டரிடம் ஓடி, பிட்னஸ் சர்டிபிகேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நிற்கிறோம். நானும் அப்படித்தான் சேர்ந்தேன். சேர்க்கைக்கு அந்தத் தாள் போதும், ஆனால் வார்டில் உங்களைக் காப்பாற்ற அதனால் முடியாது. அதனால் இப்போதே, ரிசல்ட் வருவதற்கு முன்பே, தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு அவசரப்படுத்த முக்கியக் காரணம் ஹெபடைடிஸ் பி, ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் வைரஸ். இதற்கு மூன்று ஊசி. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறு மாதத்தில் மூன்றாவது. மே மாதம் தொடங்கினால் நவம்பரில் முடியும். கல்லூரி திறந்தபின் செப்டம்பரில் தொடங்கினால் மார்ச் ஆகிவிடும். வார்டுக்கு இரண்டாம் ஆண்டில்தானே போவோம் என்று நினைக்க வேண்டாம், 2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் முதல் ஆண்டிலேயே நோயாளிகளைப் பார்க்க அழைத்துப் போகிறார்கள். அதோடு பிசியாலஜி லேபில் ஹீமோகுளோபின் பார்க்கவும் ரத்த வகை பார்க்கவும் விரலைக் குத்தி ரத்தம் எடுப்பீர்கள், பக்கத்தில் இருப்பவர் குத்திய லான்செட் மேசையிலேயே கிடக்கும். இந்த வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். எச்ஐவி உள்ளவர் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 0.3 சதவீதம், ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு, 6-லிருந்து 30 சதவீதம் வரை. எல்லோரும் பயப்படுவது எச்ஐவிக்குத்தான்.

சரி, சின்ன வயதிலேயே போட்டிருப்பார்களே? போட்டிருக்கலாம், போடாமலும் இருக்கலாம். இப்போது சேரப்போகிறவர்கள் பெரும்பாலும் 2007, 2008-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். ஹெபடைடிஸ் பி உட்பட ஐந்து நோய்க்கும் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசி தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு வந்ததே 2011 டிசம்பரில்தான். ஆகவே வீட்டில் பீரோவைக் குடைந்து பழைய தடுப்பூசி அட்டையைத் தேடுங்கள். அட்டையில் மூன்று ஊசியும் இருந்தால் ஆன்டி-எச்பிஎஸ் டைட்டர் பரிசோதனை மட்டும் செய்யுங்கள், இந்த வைரஸுக்கான எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி. குறைவாக இருந்தால் ஒரு ஊசி போட்டுக்கொண்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள், வருடங்கள் ஆனதில் அளவு இறங்கியிருக்கும், ஒரே ஊசியில் பலருக்கு ஏறிவிடும். அட்டையே இல்லையென்றால் போடவில்லை என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குங்கள், கூடுதலாகப் போட்டதால் கெடுதல் எதுவும் இல்லை. நடுவில் ஒரு ஊசி தள்ளிப்போய்விட்டால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஊசியைத் தோள்பட்டைத் தசையில்தான் போட வேண்டும், இடுப்பில் போட்டால் சரியாக வேலை செய்யாது.

மூன்றாவது ஊசி போட்டபின் ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர் பார்ப்பதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். ஆரோக்கியமான பெரியவர்களிலேயே 5-லிருந்து 10 சதவீதம் பேருக்கு மூன்று ஊசிக்கும் எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. அவர்கள் இன்னொரு சுற்று மூன்று ஊசி போட வேண்டும், அதிலும் வராவிட்டால், வைரஸ் ஏற்கெனவே உடலில் இருக்கிறதா என்று காட்டும் எச்பிஎஸ்ஏஜி பரிசோதனை செய்ய வேண்டும். அது பாசிட்டிவ் என்று வந்தால் டாக்டராக முடியாது என்று உடைந்துபோகாதீர்கள், யாரிடமும் சொல்லாமல் மறைக்கவும் வேண்டாம். நல்ல மாத்திரைகள் இருக்கின்றன, 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசே இலவசமாகத் தருகிறது.

அடுத்தது அம்மை வகைகள். இதில் வீட்டில் கேட்கும்போது கவனம் வேண்டும், நம் ஊரில் எல்லாவற்றுக்கும் "அம்மை போட்டிருந்தது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். தட்டம்மை வேறு, சின்னம்மை வேறு, கன்னம் வீங்கும் அம்மைக்கட்டு வேறு. நீர்க்கொப்புளம் வந்து, வேப்பிலை விரித்துப் படுக்க வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள் என்றால் அது சின்னம்மை, இனி ஊசி தேவையில்லை. உறுதியாகத் தெரியாவிட்டால், சின்னம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று காட்டும் ஐஜிஜி பரிசோதனையை ரத்தத்தில் பார்க்கலாம். வரவே இல்லையென்றால் இரண்டு ஊசி, நான்கு வார இடைவெளியில். அரசு அட்டவணையில் இது இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும், ஆனாலும் போடுங்கள். பெரியவர்களுக்கு வந்தால் நிமோனியா வரை போகும்.

2017 பிப்ரவரியில் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து ஒரு ஊசி போட்டார்களே, அது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கு மட்டும். வாட்ஸ்அப் வதந்தியை நம்பி அன்று பிள்ளையை லீவு போட வைத்த பெற்றோரும் உண்டு, கேட்டுப் பாருங்கள். அம்மைக்கட்டு அதில் சேராது என்பதால், மூன்றுக்கும் சேர்ந்த எம்எம்ஆர் இரண்டு ஊசி, 28 நாள் இடைவெளியில் போட்டுக்கொள்வது நல்லது. எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் உயிருள்ள கிருமியால் ஆனவை. இரண்டையும் ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களுக்குப் போடவே கூடாது, ஸ்டீராய்டு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

ரணஜன்னிக்கான டிடி ஊசி பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட்டிருக்க வேண்டும், விட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஹாஸ்டலில் சாப்பிடப் போகிறவர்கள் டைபாய்டு ஊசியும் போட்டுக்கொள்ளலாம். பிசிஜி பிறந்தபோதே போட்டிருப்பார்கள், ஆனால் அது காசநோயிலிருந்து பெரியவர்களை அவ்வளவாகக் காக்காது, வார்டுக்குப் போன பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பிட்னஸ் சர்டிபிகேட்டில் டாக்டரின் பதிவு எண்ணுடன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், கல்லூரி தரும் படிவம் தனியாக இருந்தால் அதில்தான் வாங்க வேண்டும். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வராமல் உண்மையாகவே பரிசோதித்துக்கொள்ளுங்கள், கண், ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம் எல்லாம். ஆஸ்துமா இருந்தால் சொல்லுங்கள், அனாடமி ஹாலில் பார்மலின் நெடி மூச்சை அடைக்கும், இன்ஹேலர் கையில் இருக்கட்டும். நிறக்குருடு இருந்தால் எம்பிபிஎஸ் சேர முடியாது என்று பயமுறுத்துவார்கள். திரிபுரா மாணவர்கள் வழக்கில் 2017-லேயே உச்ச நீதிமன்றம் அவர்களைச் சேர்க்கச் சொல்லிவிட்டது.

எல்லாத் தாளையும் போனில் படம் எடுத்து வையுங்கள், டைட்டர் எண்ணைத் தேதியோடு தனியாகவும் எழுதி வையுங்கள். என்றாவது ஊசி குத்திவிட்டால் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள், விரலைப் பிதுக்க வேண்டாம், உடனே கேஷுவால்டிக்குப் போங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் தள்ளக் கூடாது. அங்கே உங்களிடம் முதலில் கேட்கப்போவதில் ஒன்று, ஹெபடைடிஸ் பி டைட்டர் எவ்வளவு என்பது.