துருப்பிடித்த பிக்கப்பின் சேஸிஸை 14 அங்குலம் குறைப்பது எப்படி

என் கொல்லையில் நிற்பது செவர்லே கே10. 1973 முதல் 1987 வரை வந்த, எல்லோரும் ஸ்கொயர் பாடி என்று சொல்லும் வகை. பின்னால் சாமான் ஏற்றும் எட்டடி தொட்டி, நாலு வீல் டிரைவ். அமெரிக்காவில் பனிக்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பிலேயே பல வருடம் ஊறிய வண்டி என்பதால் விலை சல்லிசு. நீளத் தொட்டி மாடலில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 131.5 அங்குலம், குட்டைத் தொட்டி மாடலில் 117.5. அந்த 14 அங்குலத்தைத்தான் வெட்டி எடுக்கப் போகிறோம். அதோடு பின் அச்சுக்குப் பின்னால் வாலில் ஒரு 6 அங்குலம்.

எதற்கு இந்த வேலை என்றால், வயிறு தட்டாமல் மேட்டைத் தாண்டத்தான். தரையிலிருந்து வண்டி வயிறு 16 அங்குல உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீள வண்டி தாண்டக்கூடிய மேட்டின் கோணம் சுமார் 27 டிகிரி, குறைத்த பிறகு 30-க்குக் கொஞ்சம் மேலே. திரும்ப வேண்டிய வட்டமும் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். இன்னும் குறைக்கலாமே என்று ஆசை வரும். வேண்டாம். வண்டியை உயர்த்தி, நீளத்தையும் ரொம்பக் குறைத்துவிட்டால் செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் காற்றில் எழும். கம்பெனியே போட்ட குட்டை அளவில் நின்றுகொள்வது நல்லது, தொட்டி, பாகம் எல்லாம் தேடினால் கிடைக்கும்.

இனி துரு. டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன் சுத்தியலை எடுங்கள். சேஸிஸின் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் சட்டம் இரண்டையும், அதாவது ரெயில்களை, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், இற்றுப்போனது சொத்தென்று சத்தம் கொடுக்கும். சத்தம் மாறுகிற இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியது இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடங்கள்: குறுக்குச் சட்டம் ரெயிலோடு சேருமிடம், பட்டை ஸ்பிரிங்கின் பிடி ரிவெட் அடித்த இடம். நடுவில் தண்ணீர் புகுந்து, துரு ஊதிப்போய், தகட்டையே பிரித்துத் தள்ளியிருக்கும். என் வண்டியில் பின் ஸ்பிரிங் பிடிக்குப் பக்கத்தில் உளியை வைத்து ஒரு தட்டுதான் தட்டினேன், பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து கையில் வந்தது. வெளியே பார்த்தால் பெயின்ட் கூட உரியவில்லை!

வட்டம் போட்ட இடங்களை ஒயர் பிரஷ் போட்ட கிரைண்டரால் பளபளவென்று வரும் வரை தேய்த்துவிட்டு, காலிப்பரால் கனத்தை அளந்து, துருவே ஏறாத இடத்தின் கனத்தோடு ஒப்பிடுங்கள். கால் பங்குக்கு மேல் கனம் போயிருந்தால் அதில் நான் வெல்டிங் வைக்க மாட்டேன். அங்கே மின்வில் பட்டதும் ஓட்டைதான் விழும். வெட்டும் இடத்தை இப்படித்தான் தீர்மானிக்க வேண்டும், நமக்கு வசதியான இடமா என்று பார்த்து அல்ல. கேபினுக்குப் பின்னால், ஸ்பிரிங்கின் முன் பிடிக்கு முன்னால், ரெயில் நேராக ஓடும் துண்டு ஒன்று இருக்கும். வளைவு, ரிவெட், குறுக்குச் சட்டம் எதுவும் பக்கத்தில் இல்லாமல் நல்ல இரும்பு அங்கே கிடைத்தால் அதுதான் இடம். தூக்கி எறியப்போகும் 14 அங்குலத்துக்குள் மோசமான துரு விழுகிற மாதிரி நகர்த்த முடிந்தால் இன்னும் லாபம். இரண்டு பக்கமும் இற்றுப்போயிருந்தால் வேறு சேஸிஸ் தேடுங்கள், ஒட்டுப் போட்டுப் பிழைப்பு ஓடாது.

இன்னொன்று. இது பழைய சாதாரண இரும்பு சி-சானல் (குறுக்கே வெட்டிப் பார்த்தால் C வடிவம்) சேஸிஸுக்கான வழி. கன லாரிகளிலும் சில புது வண்டிகளிலும் வருகிற, சூட்டில் பதப்படுத்திய உயர்பலச் சட்டத்தில் இதைச் செய்தால் வெல்டிங்கை ஒட்டி பலம் போய்விடும். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இதற்கு இடம் கொடுக்காது, உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. தனியார் நிலத்தில் மட்டும் ஓட்டுகிற வண்டி என்றால் வேறு கதை. எந்த நாடாக இருந்தாலும் சேஸிஸ் எண் பொறித்த துண்டில் கை வைக்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். தொட்டியைக் கழற்றி இறக்குங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், டீசல் பெட்ரோல் எதுவானாலும் டேங்க் வண்டியிலேயே இருக்கக் கூடாது. இந்த மாடலில் டேங்க் ரெயிலுக்கு வெளியே பக்கவாட்டில் தொங்குவதால் எப்படியும் பழைய இடத்தில் திரும்ப உட்காராது. பிரேக் பைப், எரிபொருள் பைப், ஒயர் கட்டு எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். இரும்பைத் துடைக்க பிரேக் கிளீனர் ஸ்பிரேயைத் தொடவே தொடாதீர்கள். குளோரின் கலந்த வகையாக இருந்து, ஈரம் மிச்சமிருக்கும்போது வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும், ஆளையே முடித்துவிடும். அசிட்டோனால் துடைத்து, முழுக்கக் காய விட்டு, டப்பாவையும் துணியையும் தூரமாக வைத்துவிட்டு வாருங்கள்.

சேஸிஸை ஜாக் ஸ்டாண்டுகளில் ஏற்றி ரசமட்டம் வைத்து நாலு மூலையும் சமமாக்குங்கள். வெட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு ரெயிலையும் இணைத்து ஆங்கிள் இரும்பைக் குறுக்கே டாக் (தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ள வைக்கும் சின்னப் புள்ளி வெல்டிங்) வைத்துவிடுங்கள், இல்லையென்றால் வெட்டிய நிமிடமே ரெயில் விரியும். தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வைத்து, மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சுவரில் எழுதுங்கள். புள்ளி எடுக்கிற ஓட்டை எது என்பதில் கவனம். முதல் தடவை நான் ஒரு பக்கம் நல்ல ரிவெட்டிலிருந்தும் மறுபக்கம் துருவில் ஊதிப்போன ரிவெட்டிலிருந்தும் அளந்துவிட்டேன். கால் அங்குலம் தப்பு. டாக் வைத்த பிறகுதான் தெரிந்தது, அத்தனையையும் அறுத்து மறுபடி செய்தேன். அப்படியே விட்டிருந்தால் பின் அச்சு கோணலாக உட்கார்ந்து வண்டி நண்டு மாதிரிதான் ஓடும். கம்பெனி போட்ட சுத்தமான ஓட்டைகளிலிருந்து மட்டும் அளவெடுங்கள்.

நேராக, செங்குத்தாக வெட்டாதீர்கள். மேல் விளிம்பு, நடுத் தகடு, கீழ் விளிம்பு மூன்றின் ஒட்டும் ஒரே கோட்டில் வந்தால் விரிசல் அந்தக் கோட்டிலேயே ஓடிவிடும். படி மாதிரி வெட்ட வேண்டும்: மேலிருந்து பாதி வரை இறங்கி, ஆறு அங்குலம் கிடையாக ஓடி, மறுபடி கீழே இறங்குவது. காலி அட்டைப்பெட்டியில் இந்த வடிவத்தை ஒரு தடவை வெட்டிக்கொண்டு அதையே முன் வெட்டுக்கும் பின் வெட்டுக்கும் வையுங்கள், ஒரே திசையில், சரியாக 14 அங்குலம் தள்ளி. அட்டையைத் தெரியாமல் திருப்பிப் போட்டு வரைந்தால் இரண்டு படியும் ஒன்றோடொன்று பொருந்தாது, அப்புறம் அழுதாலும் இரும்பு வளராது. தூக்கி எறியும் துண்டின் பக்கமாக, கோட்டை ஒட்டி ஒரு நூல் மிச்சம் விட்டு மெல்லிய கட்டிங் வீலால் அறுத்து, மிச்சத்தைத் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

பின் பகுதியை முன்னால் தள்ளும்போது வளையாத ஆறடி ஆங்கிள் இரும்பை ஒவ்வொரு ரெயிலோடும் கிளாம்ப் போட்டு, தண்டவாளம் மாதிரி அதன்மேல் நகர்த்துங்கள். மூலைவிட்ட வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் வந்ததும் டாக். மறுபடி அளவு. மறுநாள் காலையில் காபி குடித்துவிட்டு இன்னொரு தடவை அளவு.

வெட்டிய ஓரங்களை 30 டிகிரி சரித்து, நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் வெல்டிங் அடிவரை இறங்கும். மிக் மெஷின் (கம்பி தானாக வரும் வெல்டிங் மெஷின்) 220 வோல்ட்டில் ஓடுவதாக இருக்கட்டும், 0.035 அங்குலக் கம்பியும், 75 ஆர்கான், 25 கார்பன் டை ஆக்சைடு கலவையும் போதும். ராடு வெல்டிங் பழகியவர்கள் 7018 வகை ராடு எடுக்கலாம். ஒரே மூச்சில் ஓட்டாமல் ஒன்றரை அங்குலம் இடது ரெயிலில், ஒன்றரை வலதில், கை வைக்க முடிகிற அளவு ஆறவிட்டு அடுத்தது. அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் கெட்டது. வெளிப்பக்கம் முடிந்ததும் உள்பக்கம் போய், பளபளப்பு வரும் வரை தோண்டி, அங்கிருந்தும் ஒரு ஓட்டம். இந்த வேலையில் கை பழகாதவர்கள் அளந்து, வெட்டி, டாக் வரை செய்துவிட்டு வெல்டரை வரவழைப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

பிறகு உள்ளே நடுத் தகட்டில் ஒரு துணைத் தகடு, ரெயிலின் கனத்துக்கு மேல் போகாமல், ஒட்டைத் தாண்டி இருபுறமும் நீண்டு. முனைகளைப் பட்டம் மாதிரி கூராக வெட்டுங்கள், செங்குத்து முனையில் வெல்டிங் வைத்தால் பாரம் முழுக்க அந்த ஒரு கோட்டில் போய் நிற்கும். இந்தத் துணைத் தகட்டின் வெல்டிங் ரெயிலின் மேல் கீழ் விளிம்புகளின் ஓரத்தில் குறுக்கே போகக் கூடாது. வெல்டிங் படாத சந்துகளை சீலன்ட் போட்டு அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் பழைய பரோட்டா கதை திரும்ப வரும்.

வால் சுலபம்: 6 அங்குலம் அறுத்து, கடைசிக் குறுக்குச் சட்டத்தை முன்னால் தள்ளி போல்ட் போட வேண்டும், அவ்வளவுதான். டிரைவ் ஷாஃப்டை மட்டும் வீட்டில் குறைக்காதீர்கள். வண்டி தன் காலில் நிற்கும்போது நீளத்தை அளந்து, ஸ்லிப் யோக் (ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய விடும் சறுக்கு இணைப்பு) உள்ளே போய்வர ஓர் அங்குலம் விட்டு, பேலன்ஸ் செய்து தரும் கடையில் கொடுங்கள். ஷாஃப்ட் குட்டையானதால் கோணம் ஏறியிருக்கும், இரண்டு முனையின் கோணமும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். பிரேக் பைப்பை நடுவில் கம்ப்ரெஷன் ஜாயின்ட் போட்டு ஒட்டாமல் நிக்கல் காப்பர் பைப் வாங்கி, டபுள் ஃபிளேர் செய்து (பைப் முனையை இரட்டையாக மடித்து விரித்து) புதிதாக ஓட்டுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளும் நீளமாகத் தொங்கும், மறக்க வேண்டாம்.

கடைசியாகப் பெயின்ட். சேஸிஸ் முழுக்கக் கறுப்பு அடித்தாலும் ஒட்டுப் போட்ட இடத்தில் மட்டும் வெளிர் சாம்பல் அடியுங்கள். முதல் நாள் கல்லிலும் சேற்றிலும் ஓட்டிவிட்டு வந்து, கழுவி, டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் விட்டிருந்தால் அந்த வெளிர் நிறத்தில் முடி மாதிரி ஒரு துருக்கோடு தெரியும்.