டொரான்டோ குளிரும் திண்டுக்கல் சுருட்டும்

மதுரைப் பக்கமிருந்து டொரான்டோ போய் இறங்கியிருக்கிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் அரசு கொடுக்கிற அடையாள எண்), வங்கிக் கணக்கு, போன் சிம் எல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கிற காற்றைப் பற்றியும், அது ஊரிலிருந்து கொண்டுபோன சுருட்டை என்ன செய்யும் என்பதைப் பற்றியும்தான் யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதலில் வெளிக்குளிர். மார்கழியில் கொடைக்கானல் போய் வந்த தைரியம் அங்கே செல்லாது. காற்றும் சேர்ந்து மைனஸ் 28 போல உறைக்கும் நாட்களில், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். விளக்குத்தூண் பக்கம் வாங்கிய ஒரு ஸ்வெட்டர் போதாது. உள்ளே தெர்மல் உள்ளாடை, நடுவில் கம்பளி, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் வேண்டும். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் காயாமல் உடம்பைக் குளிர வைக்கும். பூட்ஸை அங்கேயே வாங்குங்கள், பனியில் வழுக்காத அடிப்பாகம் இருக்கிறதா என்று பார்த்து.

சரி, சுருட்டுக்கு வருகிறேன். பழக்கமில்லாதவர்கள் குளிரைச் சாக்கு வைத்துத் தொடங்கவே வேண்டாம். புகை உடம்பைச் சூடாக்காது. நிக்கோடின் ரத்தக் குழாயைச் சுருக்குவதால் விரல்கள் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். இருக்கிற பழக்கத்தை விட முடியாதவர்களுக்குத்தான் இனிச் சொல்வது.

என் மச்சான் கிளம்புமுன் திண்டுக்கல் போய், கடையில் நின்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சுருட்டு வாங்கினான். 50 வரை வரியில்லாமல் கொண்டுபோகலாம், அதைச் சுங்கத்தில் முறையாகச் சொல்லித்தான் கொண்டுபோனான். ஊரில் ஐப்பசி அடைமழையில் சுருட்டு நமுத்துவிடும், வெயில் கண்டதும் மொட்டைமாடியில் வைப்போம். அந்த நினைப்பில் அங்கேயும் நமுக்கக் கூடாது என்று ஹீட்டர் பக்கத்து அலமாரியில் அடுக்கிவிட்டான். தை பிறப்பதற்குள் அத்தனையும் மேல் இலை வெடித்து, தொட்டால் உதிர்ந்தது. பற்றவைத்தால் ஒரே கசப்பு. அவன் போனில் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. வேடசந்தூர் மண்ணில் விளைந்த புகையிலையை வெயில் பார்த்துப் பதமாக்கத் தெரிந்த ஊர் நம்முடையது. அதை இப்படிப் பாழாக்கலாமா? கூடத் தங்கியிருந்தவர்கள் பல வருடம் அங்கே இருந்தவர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

காரணம் இதுதான். மைனஸ் 15-ல் இருக்கிற காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதை உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். உதடு வெடிப்பதும் மூக்கில் ரத்தம் வருவதும் அதனால்தான். சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீதம் வேண்டும். ஆயிரக்கணக்கில் கொடுத்து ஈரம் காக்கிற மரப்பெட்டி வாங்கத் தேவையில்லை. இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் 65 அல்லது 69 என்று போட்ட, போவெடா என்கிற கம்பெனியின் ஈரப்பத பாக்கெட்டை வைத்தால் போதும். ஈரத்துணி வைத்தால் பூசணம் பிடிக்கும். ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள், அங்கே காய்ந்துபோவதோடு சாம்பார் வாசமும் ஏறும்.

அங்கே வாங்குவதென்றால் விலையைக் கேட்டு மலைத்துப் போவீர்கள். டொரான்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் சுருட்டுக்கு 56.6 சதவீதம் புகையிலை வரி, அதற்குமேல் 13 சதவீதம் விற்பனை வரி. கியூபா பெயருக்காகக் காசு கொடுக்காமல் நிகராகுவா, ஹோண்டுராஸ், டொமினிகன் சுருட்டுகளில் பெட்டியில்லாமல் கட்டாக வருவதைக் கேளுங்கள். குட்டையானதையே எடுங்கள். நீளமான சுருட்டு முடிய ஒரு மணி நேரம் ஆகும், அந்தக் குளிரில் அவ்வளவு நேரம் யார் நிற்பது? வீட்டுக்குள் பிடிக்கலாம் என்றால் வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள், பல இடங்களில் பால்கனிக்கும் சேர்த்தே தடை.

அப்புறம், விருந்துகளில் யாராவது பளபளப்பான காகிதப் பட்டை சுற்றிய கியூபா சுருட்டைப் பாதி விலைக்கு நீட்டினால் வாங்காதீர்கள். 2020 முதல் கனடாக் கடைகளில் சுருட்டுப் பட்டைகூட மங்கிய பழுப்பு நிறத்தில்தான் இருக்க வேண்டும். கலர் பட்டையோடு கைமாறி வருவது பெரும்பாலும் ஒன்று போலி, இல்லையென்றால் வரி கட்டாத சரக்கு.