அந்தக் குறட்டைச் சத்தம் மூச்சன்று: மார்பு அழுத்தும் முறை

சென்ற ஐப்பசியில் கல்லிடைக்குறிச்சி வீட்டில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த சித்தப்பா பேச்சு மூச்சில்லாமல் சாய்ந்துவிட்டார். இதயம் நின்றிருந்தது. இன்று பிழைத்து நடமாடுகிறார். அன்று செய்ததையும் செய்யத் தவறியதையும் எழுதுகிறேன்.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை என்றால் 108-ஐ அழைத்து, கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள்.

அடுத்தது மூச்சு. நான் தவறியது இங்கேதான். சித்தப்பாவின் வாய் மீன் வாயைப் போலத் திறந்தது. தொண்டையில் குறட்டை போல ஒரு சத்தம். சிறிது நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு சத்தம். “மூச்சு இருக்கிறது” என்றார் சித்தி. நானும் நம்பினேன். தண்ணீர் தெளித்தோம், உள்ளங்காலைத் தேய்த்தோம். இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் வரக்கூடிய வெறும் இழுப்பு அது. மார்பு அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆகவே மூச்சு சீராக இல்லையென்றால் மார்பை அழுத்த 10 விநாடிக்குள் முடிவெடுங்கள். நாடி தேட வேண்டாம்.

நர்சிங் படிக்கும் எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து, “முதலில் தரைக்கு இறக்குங்கள், அண்ணா” என்றாள். கயிற்றுக் கட்டிலில் அழுத்தினால் கயிறுதான் தாழும். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, மறுகையை அதன்மேல் வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். ஆழம் 5 முதல் 6 செ.மீ.; நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக எழும்பட்டும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். வேகம் பிடிக்கப் பாட்டை நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். உரக்க எண்ணுவதே மேல் என்பேன். மாற்றுவதற்கு நிற்பவருக்கும் கணக்குத் தெரியும்.

பின்சேர்க்கை: ஆற்றில் மூழ்கியவருக்கும் இதுதானா என்று பாபநாசத்திலிருந்து ஒருவர் கேட்டார். அவருக்குக் காற்றும் அவசியம். பயிற்சி பெற்றவர் முதலில் வாயோடு வாய் ஊதிவிட்டு, 30 அழுத்தத்துக்கு 2 ஊதல் என்று தொடர வேண்டும்.

விலா முறியாதா என்றும் கேட்டார்கள். முறியலாம், சித்தப்பாவுக்கு இரண்டு முறிந்தன. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். எலும்பு கூடிவிட்டது. மறதிதான் நீடிக்கிறது, மாத்திரை வேளையைச் சிலேட்டில் எழுதி மாட்டியிருக்கிறோம். சித்தி இன்னும் நள்ளிரவில் எழுந்து அவர் மார்பில் கை வைத்துப் பார்க்கிறார். அடுத்த பரிசோதனைக்குச் சித்தியையும் அழைத்துப் போய் மருத்துவரிடம் இதைச் சொல்லப் போகிறேன்.