பிஎஸ்சி இயற்பியலில் இருந்து லினாக் அறை வரை: மருத்துவ இயற்பியலாளர் ஆவது எப்படி?

“அக்கா, எம்எஸ்சி மெடிக்கல் பிசிக்ஸ் முடிச்சா நேரா வேலைக்குப் போயிடலாமா?”

கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் நாட்களில் வருடம் தவறாமல் என்னிடம் வரும் கேள்வி இது. போக முடியாது. பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு முழு வருடம் இருக்கிறது. விளம்பரத் தாளில் அந்த வருடத்தைப் பற்றி ஒரு வரிதான் போட்டிருப்பார்கள். ஆனால் நீங்கள் நல்ல இயற்பியலாளராக வருவீர்களா என்பது பெரும்பாலும் அந்த ஒரு வருடத்தில்தான் தீர்மானமாகிறது. இந்தியாவில் இந்தப் பாதை எப்படிப் போகிறது என்று முதலில் இருந்து எழுதுகிறேன்.

படி 1: வேலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

மருத்துவ இயற்பியலாளர் ஸ்கேன் எடுப்பதில்லை. மருந்து எழுதுவதில்லை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கும் துறையில், எந்தக் கட்டிக்கு எவ்வளவு கதிர் என்று முடிவு செய்பவர் மருத்துவர். அந்த அளவு, அந்த இடத்தில், அந்த அளவாகவே போய்ச் சேர்கிறதா என்று பொறுப்பேற்பவர் இயற்பியலாளர். காலையில் லினாக்கை, அதாவது கதிரை உண்டாக்கிக் கொடுக்கும் இயந்திரத்தைச் சோதிப்பது, கதிர் எந்தக் கோணத்தில் எவ்வளவு போக வேண்டும் என்று கணினியில் பிளான் போடுவது, அந்த பிளானை நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன் பேண்டத்தில் (உடலுக்குப் பதிலாக வைக்கும் மாதிரியில்) அளந்து பார்ப்பது, பிரேக்கிதெரபி (கதிரியக்கப் பொருளைக் கட்டியின் அருகிலேயே வைத்துக் கொடுக்கும் சிகிச்சை) நடக்கும்போது பக்கத்தில் இருப்பது, கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிப்பது. ஒரு நாள் இப்படித்தான் போகும். நோயாளிகள் முடிந்த பிறகுதான் இயந்திரம் நமக்குக் கிடைக்கும் என்பதால், பல நாட்கள் இரவுச் சாப்பாடு ஆறித்தான் இருக்கும். வீட்டில் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

எக்ஸ்ரே துறையிலும் அணு மருத்துவத்திலும் இயற்பியலாளர்கள் உண்டு. நம் நாட்டில் வேலைகள் அதிகம் இருப்பது கதிர்வீச்சு சிகிச்சையில் என்பதால் அதைப் பற்றியே சொல்கிறேன்.

படி 2: பட்டப்படிப்பு இயற்பியல்தானா என்று பாருங்கள்

இந்தியாவில் யார் மருத்துவ இயற்பியலாளர் என்பதை வரையறுப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். எல்லோரும் ஏஇஆர்பி என்றுதான் சொல்வோம். 1983இல் அமைந்தது. அது ஒத்துக்கொள்ளும் வழிகள் இரண்டு.

முதல் வழி: இயற்பியலை முக்கியப் பாடங்களில் ஒன்றாகக் கொண்ட பிஎஸ்சி, அதன் மேல் எம்எஸ்சி மருத்துவ இயற்பியல்.

இரண்டாவது வழி: சாதாரண எம்எஸ்சி இயற்பியல், அதன் மேல் கதிரியல் இயற்பியலில் முதுநிலைப் பட்டயம். இதில் பெயர் பெற்றது மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் ஓராண்டுப் பட்டயம். டிப் ஆர்பி என்பார்கள். 1962இல் தொடங்கியது. துறையின் மூத்தவர்களில் பெரும் பகுதியினர் அங்கே படித்தவர்கள்தான்.

எந்த வழியில் வந்தாலும், கதிர்வீச்சு சிகிச்சைத் துறை ஒன்றில் குறைந்தது 12 மாதப் பயிற்சி கட்டாயம். நடுவில் ஒரு வருடம் என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான்.

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படித்தவர்களும் கேட்கிறார்கள். இந்த இரண்டு வழிகளிலும் அந்தப் பட்டம் பொருந்தாது. படித்து முடித்த பிறகு தெரிந்து வருந்துவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

படி 3: கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் கேள்வி கேட்டுவிட்டு

தமிழ்நாட்டில் சென்னை அண்ணா பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆகிய இடங்களில் இந்தப் படிப்பு உண்டு. வேறு இடங்களிலும் இருக்கிறது. சேருமுன் அந்தப் படிப்பு ஏஇஆர்பி தன் தளத்தில் வெளியிட்டுள்ள பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். “வந்துடும், அப்ளை பண்ணியிருக்கோம்” என்று யாராவது சொன்னால், வந்த பிறகு சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அப்புறம் மூன்று கேள்விகள். மாணவர்கள் கையில் அயனி அறையும் (கதிரை அளக்கும் கருவி) எலக்ட்ரோமீட்டரும் (அதில் உண்டாகும் மின்னூட்டத்தைக் காட்டும் கருவி) வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இருக்கும்? செய்முறை நடக்கும் மருத்துவமனையில் என்னென்ன இயந்திரங்கள் இருக்கின்றன? போன வருடம் முடித்தவர்கள் பயிற்சிக்கு எங்கே போனார்கள்? மூன்றாவது கேள்விக்கு இழுத்து இழுத்துப் பதில் வந்தால் நான் அந்த இடத்தில் சேர மாட்டேன். கட்டடமும் ஏசி வகுப்பறையும் இதில் எந்த உதவியும் செய்யாது.

படி 4: இரண்டு வருடப் படிப்பு

கதிர்வீச்சு இயற்பியல், டோசிமெட்ரி (கதிர் அளவைக் கணக்கிடுவது), கதிர் உயிரியல், பாதுகாப்பு, உடற்கூறியல் எல்லாம் வரும். இயற்பியல் மாணவர்கள் உடற்கூறியலை “மனப்பாடம்தானே” என்று ஒதுக்குவார்கள். பின்னால் சிடி படத்தில் பரோடிட் எனும் உமிழ்நீர்ச் சுரப்பி எங்கே என்று தெரியாமல் முழிப்பார்கள். தினமும் பத்துப் படம் புரட்டுங்கள், போதும்.

படி 5: பயிற்சி வருடம்

இங்கேதான் நிதானமாகப் பேச வேண்டும்.

சம்பளம் இல்லாத இடமும் உண்டு, உதவித்தொகை தரும் இடமும் உண்டு. பணத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நோயாளி எண்ணிக்கை ஓரளவு உள்ள, ஒன்றுக்கு மேற்பட்ட இயற்பியலாளர்கள் உள்ள இடமாகப் பாருங்கள். பெரிய மருத்துவமனையில் புதுப் புது நுட்பங்களைப் பார்க்கலாம். ஆனால் பார்த்துக்கொண்டே வருடம் ஓடிவிடும் ஆபத்தும் உண்டு. நடுத்தர ஊர்களில் மூத்தவருக்கே ஆள் தேவைப்படுவதால் எல்லாம் உங்கள் கைக்கு வரும். நான் இரண்டாவது வகையில் பயின்றவள். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன முதல் வாரமே அவுட்புட்டை, அதாவது இயந்திரம் கொடுக்கும் கதிர் அளவை, அளக்கக் கேளுங்கள். லினாக் 100 மானிட்டர் யூனிட் (இயந்திரம் தன் கதிரை எண்ணும் அலகு) கொடுத்தால், குறிப்பிட்ட அமைப்பில் 100 சென்டிகிரே (உடல் வாங்கும் கதிர் அளவின் அலகு, 100 சேர்ந்தால் ஒரு கிரே) வர வேண்டும் என்பது வழக்கமான ஏற்பாடு. அது வருகிறதா என்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. இந்த அளவீட்டுக்கான, சர்வதேச அணுசக்தி முகமையின் டிஆர்எஸ் 398 நெறிமுறையைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இலவசம். முதலில் 2000இல் வந்தது, 2024இல் திருத்திய பதிப்பு வந்திருக்கிறது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 6 எம்வி (மெகாவோல்ட்) கதிர், 10க்கு 10 செ.மீ. புலம், தண்ணீர்ப் பரப்புவரை 100 செ.மீ. தூரம். தண்ணீருக்குள் 10 செ.மீ. ஆழத்தில் 0.6 சிசி ஃபார்மர் சேம்பர் (ஒரு வகை அயனி அறை). 100 யூனிட் கொடுத்தோம். எலக்ட்ரோமீட்டர் 12.10 நானோகூலும் (மின்னூட்டத்தின் அலகு) காட்டுகிறது. தண்ணீரின் வெப்பம் 25 டிகிரி, காற்றழுத்தம் 100.0 கிலோபாஸ்கல்.

சேம்பர் காற்றுக்குத் திறந்தது. வெப்பம் கூடினாலோ அழுத்தம் குறைந்தாலோ உள்ளே காற்று மூலக்கூறுகள் குறையும், மின்னூட்டமும் குறையும். பள்ளியில் படித்த வாயு விதிதான். அளவுதிருத்தம் செய்தது 20 டிகிரி, 101.325 கிலோபாஸ்கலுக்கு. எனவே, டிகிரியைக் கெல்வினுக்கு மாற்றிப் போட்டால், திருத்தக் காரணி:

(298.2 ÷ 293.2) × (101.325 ÷ 100.0) = 1.0305

12.10 × 1.0305 = 12.47 நானோகூலும்.

சேம்பரின் அளவுதிருத்தச் சான்றிதழில் ஒரு நானோகூலுமுக்கு 5.40 சென்டிகிரே என்று இருக்கிறது, கதிரின் தரத்துக்கான காரணி 0.99 என்று வைத்துக்கொள்வோம். 12.47 × 5.40 × 0.99 = 66.7 சென்டிகிரே. இது 10 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது. அந்த ஆழத்துக்கான ஆழ அளவுச் சதவீதம் (கதிர் அளவு உச்சமாக இருக்கும் ஆழத்தோடு ஒப்பிட்ட பங்கு) 66.7 என்றால், உச்ச ஆழத்தில் 100 சென்டிகிரே. இயந்திரம் சரியாக இருக்கிறது. முனை மாற்றத்துக்கும் அயனி மறுசேர்க்கைக்கும் சிறு திருத்தங்கள் உண்டு. இங்கே எளிமைக்காக விட்டிருக்கிறேன், நீங்கள் விடாதீர்கள்.

இப்போது அந்த 1.0305ஐப் பெருக்க மறந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். விடை 97 வரும். இயந்திரம் 3 சதவீதம் குறைவாகக் கொடுக்கிறது என்று நினைத்து நீங்கள் அதை ஏற்றிவிட்டால், நாளை முதல் வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் 3 சதவீதம் கூடுதல். 30 நாளில் 60 கிரே வாங்க வேண்டியவருக்கு 1.8 கிரே அதிகம், கிட்டத்தட்ட ஒரு நாள் சிகிச்சை உபரி. இத்தனைக்கும் எந்த அலாரமும் அடிக்காது. இந்தத் தொழிலில் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

அழுத்தத்தைப் பற்றி இன்னொன்று. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் செல்போன் வானிலைச் செயலியைப் பார்த்து அழுத்தம் எழுதுகிறார்கள். அது கடல் மட்டத்துக்கு மாற்றிக் காட்டும் எண். சென்னையில் தப்பித்துவிடலாம். கோவை சுமார் 400 மீட்டர் உயரம். உண்மையான அழுத்தம் 96, 97 கிலோபாஸ்கல் வாக்கில்தான் இருக்கும். செயலியை நம்பினால் ஏறக்குறைய 5 சதவீதப் பிழை. ஊட்டியில் லினாக் வைத்தால் திருத்தக் காரணியே 1.3ஐத் தொடும். அறையில் இருக்கும் பாரோமீட்டரைப் பாருங்கள், அதுவும் எப்போது சரிபார்க்கப்பட்டது என்று கேளுங்கள்.

நானும் சறுக்கியிருக்கிறேன். பயிற்சியின் இரண்டாவது மாதம், அவுட்புட் ஒரு சதவீதம் தள்ளி வந்துகொண்டே இருந்தது. சேம்பரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். இரவு 9 மணிக்கு மூத்தவர் வந்து சுற்றும்முற்றும் பார்த்தார். தெர்மாமீட்டரை எடுத்துத் தண்ணீருக்குள் போட்டார். நான் அதை ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் வைத்திருந்தேன். தண்ணீர் 3 டிகிரி அதிகச் சூடு. ஒரு டிகிரிக்கு 0.34 சதவீதம், கணக்கு சரியாகப் பொருந்தியது. ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

இதே மாதிரி மற்ற வேலைகளுக்கும் கையால் ஒருமுறை கணக்குப் போடுங்கள். பிரேக்கிதெரபியில் கதிர் மூலமாக இருக்கும் இரிடியம் 192இன் அரை ஆயுள் சுமார் 74 நாள். நாளுக்கு ஒரு சதவீதம் போல இறங்கும். புது மூலத்தில் 10 நிமிடம் ஆகும் சிகிச்சைக்கு, 74 நாள் கழித்து 20 நிமிடம். திரையில் வரும் நேரத்தைப் பார்த்ததும் “இது சரியா” என்று மனம் தானாகக் கேட்க வேண்டும். மென்பொருள் எப்போதும் ஒரு விடை கொடுத்துவிடும். அது நம்பக்கூடிய விடையா என்று சொல்ல அதற்குத் தெரியாது.

பிளான் போடக் கற்பதில் எல்லோருக்கும் ஆசை அதிகம். வண்ண வண்ணமாகத் திரை தெரியும், அதனால்தான். கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மூத்தவரின் பிளானைத் திறந்து ஏன் இந்தக் கோணம், ஏன் இந்த முதுகுத்தண்டு வரம்பு என்று கேட்டுப் படிப்பது, நீங்களே ஐம்பது பிளான் போடுவதைவிடச் சீக்கிரம் பலன் தரும். ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள்: இன்று என்ன அளந்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது.

படி 6: ஆர்எஸ்ஓ தேர்வு

2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி, கதிர்வீச்சு சிகிச்சை நடக்கும் இடத்தில் கதிரியல் பாதுகாப்பு அலுவலர் (ஆர்எஸ்ஓ) ஒருவர் இருக்க வேண்டும். சிகிச்சைத் துறைக்கு மூன்றாம் நிலைத் தகுதி. அதற்கான தேர்வை நடத்துவது பாபா அணு ஆராய்ச்சி மையம்.

ஊழியர்கள் வாங்கக்கூடிய கதிர் அளவின் வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. இவை தூக்கத்திலும் வர வேண்டும். சுவர்க் கணக்கும் கேட்பார்கள். 6 எம்வி கதிரைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க ஏறக்குறைய 35 செ.மீ. கான்கிரீட் வேண்டும், பத்து லட்சத்தில் ஒன்றாக்க அதைப் போல ஆறு மடங்கு. லினாக் அறையின் முதன்மைச் சுவர் ஏன் இரண்டு மீட்டர் தடிமன் என்பது அப்போது விளங்கும்.

தேர்வில் தேறியதும் ஆர்எஸ்ஓ ஆகிவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். தகுதிதான் வந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மருத்துவமனை ஏஇஆர்பியின் இலோரா இணையதளம் வழியாக உங்கள் பெயரை முன்மொழிந்து, வாரியம் ஒப்புதல் தந்தால்தான் அந்த இடத்துக்கு ஆர்எஸ்ஓ. வேறு மருத்துவமனைக்கு மாறினால் மறுபடி முதலில் இருந்து.

படி 7: வேலையும் வெளிநாடும்

நேர்முகத்தில் பட்டத்தைவிட உங்கள் நோட்டு பேசும். “கடைசியாக நீ அளந்த அவுட்புட் எவ்வளவு, காரணி எவ்வளவு?” என்று கேட்டால் யோசிக்காமல் சொல்பவரை எடுத்துக்கொள்வார்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன்.

அமெரிக்கா போகும் எண்ணம் இருந்தால் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: 2014 முதல் அங்கே வாரியச் சான்றிதழுக்கு, கேம்பெப் (மருத்துவ இயற்பியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சி, அதாவது மருத்துவமனைப் பயிற்சி, கட்டாயம். அதற்குப் போட்டி கடுமை. இங்கே செய்த 12 மாதம் அங்கே ரெசிடென்சியாகக் கணக்கில் வராது.

பயிற்சி முடிந்து ஓர் இடத்தை விட்டுக் கிளம்பும்போது இரண்டு தாள்களை வாங்காமல் வராதீர்கள்: மாதம், இயந்திர விவரத்தோடு கையெழுத்திட்ட பயிற்சிச் சான்றிதழ், உங்கள் டிஎல்டி பேட்ஜின் (நீங்கள் வாங்கும் கதிரை அளக்க வேலையில் அணியும் அட்டை) அளவுப் பதிவு. பேட்ஜுக்கான உங்கள் தனி எண் வாழ்நாள் முழுக்க ஒன்றுதான். புது இடத்தில் அதைக் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லி இரண்டாவது எண் வாங்கிவிட்டால், பிறகு இரண்டையும் ஒன்று சேர்க்கக் கடிதம் எழுதியே நாள் போகும்.