மிரர் படகின் காற்றறைக்குள் நீர் புகுந்த வழி

ஒவ்வொரு முறை கரையேற்றும்போதும் எங்கள் பழைய மிரர் வகைச் சிறு பாய்ப்படகின் இடப்பக்கக் காற்றறையிலிருந்து (படகு கவிழ்ந்தாலும் மிதக்கவைக்கும் மூடிய அறை) இரண்டு லிட்டர் தண்ணீர் வடிந்தது. ஒட்டுப்பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடியிழை நாடா ஒட்டிச் செய்த படகு. அடிப்புற மூட்டைச் சந்தேகித்து இரண்டு நாள் சுரண்டிப் பூசினேன். வடிகால் அடைப்பானையும் மாற்றினேன். அதே இரண்டு லிட்டர்.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். வெயிலில் கிடந்த படகை நீரில் இறக்கியதும், எங்கள் காலோடு வந்து படகின் தரை மூலையில் தேங்கிய நீர் பாய் விரிக்கும் முன்பே காணாமல் போனது. காற்றறைக்குள் இருந்த சூடான காற்று குளிர்ந்து சுருங்கி, நீரை உறிஞ்சியிருக்கிறது!

வடிகால் துளையில் குழாயைச் செருகி வாயால் ஊதி, மூட்டுகளில் சோப்புநீர் தடவினேன். கம்ப்ரஸரை மட்டும் வைத்துவிடாதீர்கள், மூட்டே பிளந்துவிடும். தரையும் காற்றறைச் சுவரும் சேரும் அந்த மூலையில், நாடா தூக்கியிருந்த ஒரு சாண் நீளத்துக்குக் குமிழிகள் வந்தன.

சோப்பு மிச்சமிருந்தால் எபாக்ஸி என்ற பிசின் பசை பிடிக்காது. நன்னீரில் கழுவி, இரண்டு நாள் உலர்த்தி, பெயின்ட்டை மரம் தெரியும்வரை சுரண்டி, கெட்டியாக்கிய எபாக்ஸியோடு புது நாடா ஒட்டினேன். அதற்குப் பின் மூன்று முறை ஓட்டியாயிற்று. அடைப்பானைத் திறந்தால் ஒரு சொட்டுகூட வரவில்லை. அப்பாடா!