லினக்ஸ் கணினி மக்கர் செய்தால் செய்யக் கூடாதவை

போன மாதம் எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கல்லூரியில் கடைசி வருடம். கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம். கடவுச்சொல்லைக் கொடுத்தால் திரை ஒரு நொடி கறுத்துவிட்டு, மறுபடியும் கடவுச்சொல் கேட்கும் இடத்திலேயே வந்து நின்றது. எத்தனை தடவை கொடுத்தாலும் அதே கதை. "ஃபார்மட் பண்ணிடலாமாண்ணா? பென்டிரைவ்ல மின்ட் ஏத்தியே கொண்டுவந்துட்டேன்" என்றான். அவனுடைய ப்ராஜெக்ட் முழுக்க அதற்குள்தான் இருந்தது. வேறெங்கும் நகல் இல்லை.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். வெறும் எழுத்துத் திரை வந்தது. அங்கே அவன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்ததும் உள்ளே விட்டுவிட்டது. சரி, கடவுச்சொல்லில் கோளாறு இல்லை. அடுத்து ‘டிஎஃப் -எச்’ என்று தட்டினேன். வட்டின் எந்தப் பிரிவில் (பார்டிஷனில்) எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் கட்டளை அது. இயங்குதளம் இருக்கும் ரூட் பார்டிஷனுக்கு நேரே 100% நிரம்பியது என்று இருந்தது. இயங்குதளத்தை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற நிரல் தினமும் எடுத்த ஸ்னாப்ஷாட்கள் (அந்த நகல்கள்) அதே பார்டிஷனில் சேர்ந்து சேர்ந்து வட்டையே நிரப்பியிருந்தன. டெஸ்க்டாப் திறக்கும்போது சின்னச் சின்னக் கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லாததால் அவனை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. பழைய ஸ்னாப்ஷாட்களை நீக்கி, கணினியை அணைத்துப் போட்டோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பல வருடங்களாக நண்பர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் லினக்ஸின் இரு வகைகளான உபுண்டுவும் மின்ட்டும் போட்டுக் கொடுத்துவருகிறேன். நான் பார்த்தவரை, முதலில் வந்த கோளாறு ஒரு கணினியை வீழ்த்துவது அபூர்வம். அதைச் சரிசெய்கிறேன் என்று என்ன ஏது என்று பார்க்காமல் அடித்த நாலைந்து கட்டளைகள்தான் வீழ்த்துகின்றன. அதனால் என்ன செய்யலாம் என்பதைவிட எதைச் செய்யக் கூடாது என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

சூடோவும் 777-உம்

மேலே சொன்ன கடவுச்சொல் சுழற்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு. கோப்பு மேலாளரையோ டெக்ஸ்ட் எடிட்டரையோ முனையத்திலிருந்து (கட்டளை தட்டும் ஜன்னலிலிருந்து) சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, திறந்து வேலை செய்தால், உங்கள் வீட்டு அடைவில் உள்ள சில கோப்புகள் ரூட் என்ற நிர்வாகியின் பெயருக்கு மாறிவிடக்கூடும். எக்ஸ்-அத்தாரிட்டி என்ற மறைகோப்பு அப்படி மாறிவிட்டால், எக்ஸ்11 என்ற திரை முறையில் ஓடும் டெஸ்க்டாப்பில் உங்களால் நுழைய முடியாது. எழுத்துத் திரைக்குப் போய் ‘எல்எஸ் -எல்ஏ’ கொடுத்தால் எந்தக் கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ‘சிஎச்ஓன்’ கட்டளையால் அந்த ஒரு கோப்பை மட்டும் உங்கள் பெயருக்குத் திருப்பிக்கொண்டால் போதும்.

ஆனால் இணையத்தில் தேடினால் கிடைக்கும் வைத்தியம் வேறு மாதிரி இருக்கும். ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்தால் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் ‘சிஎச்மாட் -ஆர் 777’ போடு என்று யாராவது எழுதியிருப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எல்லாக் கோப்புகளும் அடங்கிய ரூட் அடைவின் மேல் அதை ஓட்டிவிட்டால் சூடோ நிரலுக்கு இருந்த செட்யூஐடி என்ற தனி அனுமதியும் போய்விடும். அதன்பிறகு சூடோ வேலை செய்யாது. சூடோ இல்லாமல் எதையும் எளிதில் திருப்பி வைக்கவும் முடியாது. ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு முன்பு என்னென்ன அனுமதி இருந்தது என்ற குறிப்பு எங்கும் இருக்காது. கடைசியில் மறுபடி நிறுவுவதுதான் வழி. இதே தவறால் அழிந்த ஒரு கணினியின் முன் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கோப்பு திறக்க மறுக்கிறது என்று பெயர் தெரிந்தபின் அந்தக் கோப்பை மட்டும் தொடுங்கள்.

பிழைச்செய்தியே வழி சொல்லும்போது

உபுண்டுவைத் திறந்ததும் எதையாவது நிறுவப் போனால், பூட்டு கிடைக்கவில்லை என்று ஆப்ட் என்ற நிறுவும் கருவி முரண்டு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடனே பலர் செய்வது, எங்கோ படித்தபடி ஆப்ட்டுக்கு அடியில் இயங்கும் டிபிகேஜியின் அடைவுக்குள் போய் அந்த லாக் கோப்பையே அழிப்பது. அந்தப் பூட்டு சும்மா போடப்பட்டதல்ல. பின்னணியில் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுவும் அன்அட்டென்டட் அப்கிரேட்ஸ் என்ற நிரல் வேலை செய்துகொண்டிருக்கும். பூட்டை உடைத்து இன்னொரு ஆப்ட்டை உள்ளே விட்டால் இரண்டும் ஒரே பதிவேட்டில் ஒரே நேரத்தில் எழுதும். தொகுப்புகள் (நிறுவப்படும் மென்பொருள் பொதிகள்) பாதி நிறுவியும் நிறுவாமலும் கிடக்கும். புதிய பதிப்புகளில் எந்த நிரல் பூட்டைப் பிடித்திருக்கிறது என்று பெயரும் எண்ணும் அந்தச் செய்தியிலேயே வருகிறது. ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் தானாக முடிந்திருக்கும்.

நடுவில் மின்சாரம் போய் நிறுவல் அறுந்துவிட்டால், அடுத்த தடவை ‘டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’ கட்டளையை ஓட்டு என்று ஆப்ட்டே சொல்லும். அது சொல்வதைச் செய்தால் போதும். சிவப்பாக ஏதாவது வந்த உடனே ஜன்னலை மூடும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்த இரண்டு வரியைப் பொறுமையாகப் படித்தாலே பாதி நேரம் வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

படிக்காமல் விடுவதில் இதைவிட ஆபத்தானது, ஆப்ட் கேட்கும் கேள்விக்குச் சம்மதம் என்று ஒய் எழுத்தைத் தட்டிவிடுவது. 2021 நவம்பரில் வெளிவந்த ஒரு வீடியோவில் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை நிறுவப் பார்த்தார். அன்று தொகுப்புச் சார்புகளில் (ஒரு தொகுப்புக்கு வேறெவை வேண்டும் என்ற பட்டியலில்) ஒரு பிசகு இருந்தது. டெஸ்க்டாப்பையே நீக்கப்போகிறேன் என்று ஆப்ட் பட்டியல் போட்டு, இது தீங்கு விளைவிக்கலாம் என்று எச்சரித்து, சம்மதம் என்றால் ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னது. அவர் தட்டச்சு செய்தார். டெஸ்க்டாப் போய்விட்டது. பிசகு தொகுப்பைத் தயாரித்தவர்களுடையதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ‘நீக்கப்படும்’ என்ற தலைப்பின் கீழ் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அந்த இடத்தில் காப்பாற்றியிருக்கும். ஒரு செயலியை நிறுவச் சொன்னால் அது பத்துப் பதினைந்து தொகுப்புகளை நீக்கக் கேட்கிறதென்றால், வேண்டாம் என்பதற்கான என் எழுத்தைத் தட்டி வெளியே வந்துவிடுங்கள்.

பைத்தான் நிரல்மொழியும் இதே கணக்குதான். புதிய பதிப்பு வேண்டும் என்று கணினியோடு வந்த பைத்தானை நீக்கினாலோ, பைத்தான்3 என்ற பெயரை வேறு பதிப்புக்குத் திருப்பினாலோ உபுண்டுவின் பல உள்வேலைகள் நின்றுபோகும். முனையம்கூடத் திறக்காமல் போன கணினிகள் உண்டு. உங்கள் வேலைக்கு விர்ச்சுவல் என்விரான்மென்ட் (பைத்தானுக்கான தனி இடம்) ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். கணினியின் பைத்தானைக் கணினிக்கே விட்டுவிடுங்கள்.

வைஃபையும் டிரைவர்களும்

வைஃபை வரவில்லை என்றால் மடிக்கணினியின் மாடல் பெயரைப் போட்டுத் தேடுகிறோம். அது சரிவராது. ஒரே மாடலில் வெவ்வேறு வைஃபை சிப்புகள் இருக்கக்கூடும். ‘எல்எஸ்பிசிஐ’ கொடுத்துச் சிப்பின் பெயர் பிராட்காமா, ரியல்டெக்கா, இன்டெலா என்று பார்த்து, அந்தப் பெயரில் தேடுங்கள். அதற்கும் முன்னால் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ ஒரு முறை போட்டுப் பாருங்கள். சில நேரம் ஏரோப்ளேன் பொத்தான் தவறி அழுந்தியிருக்கும், அவ்வளவுதான்.

டிரைவரை (வன்பொருளை இயக்கும் மென்பொருளை) இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொண்டு மனம் விட்டுப்போகிறவர்கள் நிறைய. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் நெட்டைப் பகிரும் டெதரிங்கை இயக்குங்கள். பெரும்பாலான கணினிகளில் வேறு எதுவும் நிறுவாமலே நெட் வந்துவிடும். அப்புறம் மின்ட்டில் டிரைவர் மேனேஜரையோ, உபுண்டுவில் கூடுதல் டிரைவர்கள் பகுதியையோ திறந்து அங்கே காட்டுவதை நிறுவலாம்.

என்விடியா கிராஃபிக்ஸ் அட்டைக்கும் அதே வழிதான். நிறுவனத்தின் தளத்திலிருந்து ரன் கோப்பை இறக்கி ஓட்டினால் அன்றைக்கு வேலை செய்யும். அடுத்த கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) புதுப்பிப்பில் திரை கறுத்துப்போகலாம், ஏனென்றால் ஆப்ட்டுக்கு அந்த டிரைவரைப் பற்றி எதுவும் தெரியாது. இதில் இன்னொரு இடத்திலும் பலர் இடறுகிறார்கள். செக்யூர் பூட் (நம்பிய மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் காவல்) இயங்கும் கணினியில் இப்படிப்பட்ட டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று சில நொடிகள் மட்டும் நிற்கும். பயந்துபோய் ‘கன்டின்யூ பூட்’ கொடுத்துவிட்டால் டிரைவர் இயங்காது. அங்கே ‘என்ரோல் மோக்’ தேர்ந்தெடுத்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே வீட்டில்

ஒரே கணினியில் இரண்டும் இருந்து, லினக்ஸை அணைத்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். பேட்டரி போய்விட்டது என்று கடைக்குக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் வித்தியாசம் ஐந்தரை மணி, சிங்கப்பூரில் எட்டு மணி. லினக்ஸில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று ஒரு தடவை கொடுத்தால் தீர்ந்தது.

விண்டோஸ் பார்டிஷனில் படிக்க மட்டும் முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் அனுமதிகளைக் குடையாதீர்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி கணினியை முழுதாக அணைக்காமல் பாதித் தூக்கத்தில் விட்டுவிடுகிறது. அந்த நிலையில் கட்டாயப்படுத்தி எழுதினால் கோப்புகள் கெடும். விண்டோஸின் பவர் அமைப்பில் அதை நிறுத்திவிட்டு வாருங்கள். இப்போதைக்கு ஒரு வேலை ஆக வேண்டும் என்றால், விண்டோஸில் ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்குள் நுழைந்தாலும் போதும்.

தமிழ் திரையில் தெரியாதபோது

தமிழ் எழுத்துகளுக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். ஆனால் ஒரு ஆவணத்தைத் திறந்ததும் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டிக் கிடந்தால் அது வேறு விஷயம். அந்த ஆவணம் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டது, யூனிகோடே இல்லை. ஆவணம் திறக்கும் லிப்ரேஆபிஸைத் திட்டி, நீக்கி, மறுபடி நிறுவிப் பயனில்லை. யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுக்க வேண்டும்.

தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பை நிறுவியபின் ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். அதைச் செய்யாமல் பட்டியலில் தமிழைக் காணவில்லை என்று அதே வேலையைச் செய்யும் ஃபிசிடிக்ஸையும் கூடவே நிறுவினால், இரண்டும் விசைப்பலகைக்குச் சண்டை போட்டு ஒன்றிலும் ஒழுங்காக அடிக்க முடியாமல் போகும்.

ஃபார்மட் செய்வதற்கு முன்

புதுப்பித்த மறுநாள் கணினி எழவில்லையா? கணினி தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் பழைய கர்னல் இருக்கும். அதில் திறந்து பாருங்கள். திறந்தால் கோளாறு புதிய கர்னலில்தான். உள்ளே வந்தபின் ‘ஜர்னல்சிடிஎல் -பி -1 -பி எர்’ கொடுத்தால் (முதல் பி சிறிய ஆங்கில எழுத்து இரண்டாவது, அடுத்த பி பதினாறாவது) முந்தைய தடவை என்ன தவறியது என்று வரிவரியாக வரும். யாரிடமாவது உதவி கேட்கும்போதும் "வேலை செய்யல" என்று மட்டும் சொல்லாமல் இந்த வரிகளைக் கொடுங்கள்.

டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று உங்கள் சொந்தக் கோப்புகளை அதன் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள். அது இயங்குதளத்தைத்தான் காக்கிறது. வழக்கமான அமைப்பில் உங்கள் ஆவணங்களையும் படங்களையும் அது சேமிப்பதில்லை. ஸ்னாப்ஷாட்களின் எண்ணிக்கையை இரண்டு மூன்றாகக் குறைத்து, முடிந்தால் வேறு வட்டில் வையுங்கள்.

உண்மையிலேயே மறுபடி நிறுவித்தான் ஆக வேண்டும் என்றாலும் அவசரம் வேண்டாம். நிறுவக் கொண்டுவந்த பென்டிரைவிலிருந்தே கணினியைத் திறக்கலாம், எதையும் நிறுவாமல். அங்கே வைஃபையும் ஒலியும் வேலை செய்தால் வன்பொருளில் குறையில்லை என்று தெரிந்துகொள்ளலாம். கோப்பு மேலாளரில் பழைய வட்டைச் சொடுக்கினால் வீட்டு அடைவு அப்படியே இருக்கும். வேண்டியதை எல்லாம் வெளி வட்டுக்கு நகலெடுத்து, அதில் இரண்டு கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் நிறுவும் பொத்தானை அழுத்துங்கள். அந்தப் பையனுக்கு இதைச் செய்து காட்டித்தான் அனுப்பினேன்.