மன்றத்துக்காகக் குதிரைச் சவாரியா? நாங்கள் செய்த தப்புகளை நீங்கள் செய்யாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட், ஸ்டாங்கர் தாண்டி உள்ளே போனால் கரும்புக்காட்டுக்கு நடுவே சின்னச் சின்ன ஊர்கள். அங்கே ஊர் மன்றம் என்பது பாலர் பள்ளி, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, கருமாதிச் சமையலுக்கான அண்டாக்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அந்தக் கூரை ஒழுக ஆரம்பித்தால் என்ன செய்வோம்? பிரியாணி டிக்கெட் விற்போம். எங்கள் ஊரில் அதையே வாங்கி வாங்கி ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் குதிரைச் சவாரி. மூன்று வருடமாக நடத்துகிறோம். காசும் வருகிறது, ஆனால் முதல் வருடம் கற்ற பாடங்களை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

முதல் தப்பு கணக்கில். பத்துக் குதிரை, நாளைக்கு ஐந்து நடை, தலைக்கு இவ்வளவு ராண்ட் என்று பெருக்கிப் பார்த்தபோது கூரையே வந்துவிட்ட மாதிரி இருந்தது. குதிரை என்ன பஸ்ஸா? இரண்டு மணி நேரம் மேடு பள்ளத்தில் ஆளைச் சுமந்துவிட்டு வந்தால் அதற்குத் தண்ணீர், நிழல், சேணம் கழற்றிய முதுகு வேண்டும். இப்போது ஒரு குதிரைக்கு நாளில் இரண்டு நடைதான். லாடம் அடிப்பவர் கூலி, தீவனம், தடுப்பூசி, குதிரைக்காரர் சம்பளம் எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மன்றத்தின் பணம். அதை முன்னாலேயே சொல்லிவிட்டால் பிறகு கூட்டத்தில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

எடை விஷயத்தில் கூச்சப்படுவது அடுத்தது. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக வைத்திருக்கும் கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. சேணம் பத்துக் கிலோ என்றால் ஆள் 70 கிலோதான். நம் மாமாக்களில் எத்தனை பேர் அதற்குள் அடங்குவார்கள்? பெயர் எழுதும் மேசைக்குப் பின்னால், திரை போட்டு ஒரு எடை மெஷின் வையுங்கள். கூடுதலாக இருப்பவருக்குப் பெரிய குதிரை கொடுங்கள், இல்லையென்றால் சமையல் பொறுப்பைக் கொடுங்கள். எங்கள் ஊரில் இரண்டாவதற்குத்தான் மவுசு.

தேதி குறிப்பதில்தான் நாங்கள் மோசமாகச் சறுக்கினோம். முதல் சவாரியைப் பிப்ரவரியில் வைத்தோம். தைப்பூசக் கூட்டம் ஊரில் இருக்கும், வியாபாரம் நடக்கும் என்ற நினைப்பு. இந்த நாட்டில் பிப்ரவரி என்றால் கோடைக் கடைசி, அப்போது குதிரைக்கு எமன் காத்திருப்பான் என்று யோசிக்கவில்லை. ஆப்பிரிக்கக் குதிரை நோய். கொசுவைவிடச் சின்னதான ஒரு கடிபூச்சி அந்த வைரஸைப் பரப்புகிறது. 1854-55ல் கேப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 70,000 குதிரைகளை வாரிக்கொண்டு போன நோய் அது. கண்ணுக்கு மேலே இருக்கும் குழி வீங்கும், மூக்கில் நுரை தள்ளும். நுரையீரலைப் பிடித்துவிட்டால் பிழைப்பது அரிது. பூச்சி பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரைதான் அதிகம் கடிக்கும். நாங்களோ "அந்திச் சவாரி, அழகான காட்சி" என்று விளம்பரம் போட்டிருந்தோம்! குதிரைக்காரர், வயதான ஜூலுக்காரர், நாங்கள் எல்லாரும் பாபா என்றுதான் கூப்பிடுவோம், அன்று ஐந்து மணிக்கே குதிரைகளைக் கொட்டிலுக்குள் ஓட்டிக் கதவைச் சாத்திவிட்டார். டிக்கெட் வாங்கியவர்களிடம் நாங்கள் திட்டு வாங்கினோம். அவர் செய்ததுதான் சரி. தடுப்பூசி இருக்கிறது. அதைக் குளிர்காலத்திலிருந்து வசந்தத்துக்குள், கோடை வருமுன் போட்டுவிட வேண்டும். சவாரிக்கு முந்தின வாரம் ஓடிப்போய்ப் போட்டால் பிரயோஜனமில்லை.

அப்படியானால் எப்போது வைப்பது? குளிர்காலம்தான். மழை, இடி குறைவு, பூச்சியும் உண்ணியும் குறைவு. கடற்கரைப் பக்கம் உறைபனி விழாததால் பூச்சி அடியோடு ஒழிந்துவிடாது, அதனால் அப்போதும் அந்திக்குள் கொட்டிலில் அடைத்துவிடுங்கள். ஆடி பிறந்துவிட்டால் ஞாயிறுதோறும் எங்காவது மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், ஆள் கிடைக்காது. புரட்டாசி வந்தால் ஊரில் பாதிப் பேர் கவுச்சி தொட மாட்டார்கள், அந்த மாதத்தில் கறி சுடும் அடுப்பை மூட்டிவிட்டு நஷ்டப்பட்ட குழுக்களும் உண்டு. ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரம், பள்ளி விடுமுறையும் சேரும் நேரம். எங்களுக்கு ஒத்துவந்தது அதுதான்.

ஆனால் அதுவே கரும்பு வெட்டும் பருவம். வெட்டுமுன் காட்டைக் கொளுத்துவார்கள். காற்றில் கரி பறக்க, எதிரே கரும்பு லாரி உறுமிக்கொண்டு வந்தால் சாதுவான குதிரையும் மிரளும். முதல் நாள் மாலையே தோட்டக்காரர்களுக்குப் போன் போட்டு எந்தப் பக்கம் கொளுத்தப் போகிறார்கள் என்று கேளுங்கள். ஜூலு மக்களின் பொது நிலத்தை வைத்திருக்கும் இங்கொனியாமா அறக்கட்டளையின் நிலத்தில் தடம் போனால் அந்தப் பகுதி இண்டுனாவை, அதாவது ஊர்த் தலைவரை, நேரில் பார்த்து அனுமதி கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் செய்தி போட்டுவிட்டுப் போவது மரியாதை இல்லை. இன்னொன்று, பஃப் ஆடர் என்ற விஷப்பாம்பு காலடிச் சத்தத்துக்கு ஓடாது, தடத்திலேயே கிடக்கும். முன்னால் போகிறவர் தடம் தெரிந்தவராக இருக்கட்டும்.

இனி வயிற்றுவார். சேணம் போடும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். வார் இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும். பத்து நிமிடம் நடந்ததும் மூச்சை விட்டுவிடும், வார் தொளதொளவென்று தொங்கும். எங்கள் மாமா ஒருவர் ஏறியபோது, "மாமா, வாரை மறுபடி பாத்தீங்களா?" என்று கேட்டேன். "எல்லாம் பாத்தாச்சுடா" என்றார். முதல் இறக்கத்தில் சேணம் மெதுவாக ஒரு பக்கமாகச் சரிந்தது. மாமா கடைசிவரை கடிவாளத்தை விடாமல் அதோடு சேர்ந்தே சரிந்து கரும்புச் சோகையில் போய் விழுந்தார். தலைக்கவசம் இருந்ததால் சிரிக்க முடிந்தது. அதிலிருந்து பத்தாவது நிமிடத்தில் எல்லாரையும் நிறுத்தி, வாருக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்க்கிறோம். அதற்கு மேல் இடம் இருந்தால் இன்னொரு துளை இறுக்கம். செருப்பு, ஸ்னீக்கர் வேண்டாம், சின்னக் குதிகால் உள்ள ஷூ. இல்லாவிட்டால் அங்கவடிக்குள், அதாவது கால் வைக்கும் வளையத்துக்குள், கால் முழுக்க நுழைந்து மாட்டிக்கொள்ளும்.

சவாரி முடிந்ததும் பிள்ளைகள் பாசத்தோடு மிச்ச ரொட்டியையும் பிரியாணிச் சோற்றையும் நீட்டுவார்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. ஒத்துக்கொள்ளாதது உள்ளே போனால் வயிற்று நோவில் தரையில் புரளும், செத்தும் போகலாம். இரண்டு துண்டு கேரட், விரித்த உள்ளங்கையில். அவ்வளவுதான்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொறுப்பு விடுவிப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி படுமோசமான கவனக்குறைவுக்கு அந்தக் கையெழுத்து கவசமாகாது. காப்பீடு எடுங்கள். நன்கொடைக்கு வருமானவரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் கொடுக்கும் வரிச்சலுகை ரசீதைச் சவாரிக் கட்டணத்துக்குக் கொடுப்பதும் தப்பு, காசுக்குப் பதிலாகச் சவாரி கிடைத்துவிட்டதே, அது நன்கொடை ஆகாது. சும்மா கொடுப்பவருக்கு மட்டும்தான் அந்த ரசீது. அதையும் வரித்துறை அங்கீகரித்த அமைப்புதான் கொடுக்க முடியும்.

வரவு செலவை எழுதி மன்றக் கதவில் ஒட்டுங்கள். போன வருடம் நாங்கள் ஒட்டினோம். ஜனங்கள் முதலில் படித்தது கூரைச் செலவை அல்ல. "பாபாவுக்கு இவ்வளவுதான் கொடுத்தீங்களா?" என்று ஓர் அக்கா கேட்டார். இந்த வருடம் கூட்டியிருக்கிறோம்.